தோற்றவன் பெறும் கீர்த்தி

போர்க்களத்திலும் மல்லர் அரங்கிலும் ஜயத்தை நிர்ணயிக்க விதிகள் உண்டு. முதுகு மண்ணில் பட்டவன் தோற்றான் என்றும், பத்து எண்ணி முடிவதற்குள் எழாதவன் தோற்றான் என்றும், பிடியின் வேதனை தாளாமல் எதிரியின் உடலைக் கையால் தட்டியவன் தோற்றான் என்றும் மனிதர் காலந்தோறும் வகுத்துக்கொண்ட அந்த விதிகளின்படி நடுவர் ஒருவரின் கையை உயர்த்திவிட்டால், விவகாரம் அவ்வளவில் தீர்ந்துவிடுகிறது. கீர்த்திக்கோ இத்தகைய விதி எதுவுமில்லை. அதை வழங்கும் அதிகாரம், சுற்றியிருந்து கண்டவர்களிடமும், அவர்கள் சொல்லக் கேட்டவர்களிடமும், அந்தச் சொல்லை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்லும் புலவர்களிடமும் இருக்கிறது. ஒரே வழக்கு இவ்வாறு இரண்டு நியாயஸ்தலங்களில் விசாரிக்கப்படுவதனால், ஒன்றில் தோற்றவன் மற்றொன்றில் வெல்வது உலகில் அடிக்கடி நிகழ்கிறது. அதன் காரணங்களை, இன்று எம்.எம்.ஏ. என்னும் பெயரால் இளைஞர்களிடையே பிரசித்தமாகியுள்ள கலப்புத் தற்காப்புக் கலையின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தென்னாற்காட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இச்செய்தி முற்றிலும் புதிதாக இராது. நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்துச் சேத்தியாத்தோப்புப் பக்கம் அமைந்த வளையமாதேவி முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட இந்த வட்டாரம், தெருக்கூத்தை இன்றும் போற்றிவரும் நிலம். திரௌபதியம்மன் திருவிழாக்களில் விடிய விடிய ஆடப்படும் ‘கர்ண மோட்சம்’ தொடங்கும்போதே, அர்ச்சுனன் வெல்வான், கர்ணன் மாள்வான் என்பது சபையில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்திருந்தும், பொன்னுருவியிடம் விடைபெற்றுக் களத்துக்குப் புறப்படும் கர்ணனுக்காகவே சபை கண்ணீர் விடுகிறது. சக்கர வியூகத்துக்குள் புகும் வழியை அறிந்து, வெளிவரும் வழியை அறியாது மாண்ட அபிமன்யுவுக்கும் அந்தச் சபையின் இதயத்தில் அதே ஸ்தானந்தான். ராஜ்யம் வென்றவனுக்கு உரியது, அபிமானம் தகுதியுடையவனுக்கு உரியது என்று பிரித்தறியும் பயிற்சியை நம் கிராமத்து ஜனங்கள் எந்தப் பாடசாலைக்கும் செல்லாமலே பெற்றிருக்கிறார்கள்.

இந்தப் பிரித்தறிதலுக்குத் தமிழில் கிடைக்கும் பழமையான சான்று வெண்ணிப் போர். இன்று திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்துக்கு அருகே கோயில்வெண்ணி என்று வழங்கும் ஊரில், சோழன் கரிகாலனுக்கும் சேரமான் பெருஞ்சேரலாதனுக்கும் நடந்த யுத்தத்தில், சேரமானின் மார்பில் பாய்ந்த ஆயுதம் முதுகு வரை ஊடுருவியது. புறமுதுகு காட்டி ஓடியதனால் உண்டான புண் அன்று அது. ஆயினும் முதுகில் வடு தோன்றிவிட்டது என்பதற்கே நாணி, அவன் வாளோடு வடக்கிருந்து உயிர்துறந்தான். புறநானூற்றின் 65ஆம் பாட்டில் கழாத்தலையார் இதற்காக வருந்துகிறார். அதை அடுத்த 66ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார் செய்வது அதனினும் அபூர்வமான காரியம்: வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, அவனது குலப்பெருமையையும் ஆற்றலையும் குறைவின்றிப் பாராட்டிவிட்டு, உன்னிடம் தோற்று வடக்கிருந்தவன் உன்னைக் காட்டிலும் நல்லவன் அல்லனோ என்னும் கருத்துப்பட வினவுகிறார். இச்செய்தியைக் கேட்ட சான்றோர் சிலர் சேரமானோடு தாமும் உயிர்நீத்தனர் என்று அகநானூற்றின் 55ஆம் பாட்டில் மாமூலனார் குறிப்பிடுகிறார்.

இதில் கவனிக்கத்தக்கவை இரண்டு. வெண்ணிக்குயத்தியார் ஜயத்தை மறுக்கவில்லை. கரிகாலன் வென்றான் என்பதை முதலில் ஒப்புக்கொண்ட பிறகே கீர்த்தியை வேறு கணக்கில் வைத்துப் பேசுகிறார். அடுத்து, சேரமானுக்குப் புகழ் சேர்த்தது தோல்வியன்று. தோல்வி வெளிப்படுத்திய ஒரு குணம். அவன் வென்றிருந்தால் மானத்தை உயிரினும் மேலாக மதிக்கும் அவனது உள்ளத்தை உலகம் அறிந்திருக்கவே வழியில்லை. வெற்றி ஒரு வீரனிடம் உள்ள வலிமையை மட்டுமே பெரும்பாலும் காட்டுகிறது. அவ்வலிமை தீர்ந்த பின்னும் அவனிடம் எஞ்சுவது என்ன என்பதைக் காட்டும் சந்தர்ப்பத்தைத் தோல்வியே அளிக்கிறது. கீர்த்தி என்பது ஒருவனைப் பற்றி நாம் பெறும் ஞானமாதலால், அந்த ஞானத்தைப் பெருக்கும் தோல்வி கீர்த்தியையும் பெருக்குகிறது.

கலப்புத் தற்காப்புக் கலையில் இவ்வுண்மை ஏனைய போட்டிகளைக் காட்டிலும் தெளிவாகப் புலப்படுவதற்கு அக்கலையின் அமைப்பே காரணம். குத்துச்சண்டையில் கைகளும், மல்யுத்தத்தில் பிடிகளுமே ஆயுதங்களாயிருக்க, இக்கலையிலோ குத்து, உதை, முழங்கை, முழங்கால், தூக்கி எறிதல், தரையில் கிடந்தபடி மூட்டை முறுக்குதல், கழுத்தை நெரித்தல் ஆகிய அனைத்தும் அனுமதிக்கப்படுகின்றன. ஐந்து நிமிஷம் கொண்ட மூன்று சுற்றுகள், பட்டத்துக்கான போட்டியாயின் ஐந்து சுற்றுகள் என்னும் குறுகிய காலத்தில், மெல்லிய உறை அணிந்த கையால் விழும் ஒரே அடியிலோ, கணநேரக் கவனக்குறைவில் சிக்கும் ஒரே பிடியிலோ எவரும் வீழ்ந்துவிடக்கூடும். எனவே 29 போட்டிகளில் ஒன்றிலும் தோல்வி காணாமல் விலகிய ருஷ்ய வீரர் கபீப் நூர்மகமேதவ் போன்றவர்கள் இக்கலையில் மிக அரியர். மகத்தானவர்கள் என்று போற்றப்படுவோரிற் பெரும்பாலோர் பலமுறை தோற்றவர்களே. தோல்வி எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட இடத்தில், தோற்றானா என்னும் கேள்வியால் ஒருவனை அளக்க இயலாது; எவ்வாறு தோற்றான் என்னும் கேள்வி அதன் இடத்தை ஏற்றுக்கொள்கிறது.

இக்கலையின் ஆதி சரித்திரத்திலேயே ஒரு மாபெரும் தோல்வி இருக்கிறது. ஜப்பானிய ஜூடோவிலிருந்து பிரேசில் நாட்டில் தனியொரு மல்லுமுறையை வளர்த்தெடுத்த கிரேசி குடும்பத்தைச் சேர்ந்த எலியோ கிரேசி, 1951ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி, ரியோ டி ஜெனிரோ நகரின் மரக்கானா மைதானத்தில், ஜப்பானின் ஈடிணையற்ற ஜூடோ வீரரான மசஹிகோ கிமுராவை எதிர்த்தார். கிமுரா எடையிலும் வலிமையிலும் மிக மேம்பட்டவர்; எலியோ மூன்று நிமிஷம் தாக்குப்பிடித்தாலே அதை அவரது வெற்றியாகக் கொள்ளலாம் என்று போட்டிக்கு முன்பே கருதப்பட்டது. பதின்மூன்று நிமிஷ அளவில் கிமுரா அவரது கையை முதுகுப்புறமாக முறுக்கி எலும்பை முறித்த பின்னும் எலியோ தட்டி அடங்க மறுத்துவிட, தமையனார் கார்லோஸ் கிரேசி தலையிட்டுப் போட்டியை நிறுத்தினார். அந்தக் குடும்பம் இத்தோல்வியை மறைக்க முற்படவில்லை. தங்கள் தலைவரை வீழ்த்திய பிடியை வென்றவரின் பெயராலேயே ‘கிமுரா’ என்று அழைத்துத் தங்கள் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. எலியோவின் புதல்வர் ரோரியன் கிரேசி, ஆர்ட் டேவி என்பவரோடு சேர்ந்து உருவாக்கிய யூ.எப்.சி. என்னும் கலப்புக் கலைப் போட்டி 1993 நவம்பர் 12ஆம் தேதி டென்வர் நகரில் முதன்முதலாக நடந்தபோது, அதில் வாகை சூடியவர் எலியோவின் மற்றொரு புதல்வரான ராய்ஸ் கிரேசி.

அந்த ராய்ஸையே அடுத்த ஆண்டு எதிர்த்த ஒருவர், தோற்றவனின் கீர்த்திக்கு இக்கலையில் முதல் உதாரணங்களுள் ஒருவரானார். 1994 செப்டம்பர் 9ஆம் தேதி சார்லட் நகரில் நடந்த மூன்றாம் யூ.எப்.சி. போட்டியில், அதுவரை எவரும் அறியாத கிமோ லியோபோல்டோ, ராய்ஸை நான்கரை நிமிஷத்துக்கு மேல் திணற அடித்து, கடைசியில் கைமூட்டுப் பிடியில் அகப்பட்டுத் தோற்றார். வென்ற ராய்ஸ் அடுத்த சுற்றுக்கு மேடையேறியும் போரிட இயலாத அளவுக்குத் தளர்ந்திருந்தமையால் போட்டியிலிருந்து விலகினார். யாராலும் அசைக்க முடியாதவர் என்று உலகம் நம்பிய ஒருவரை ஒரே இரவில் மனிதராக்கிக் காட்டியவர் என்ற பெயர் கிமோவுக்கு நிலைத்தது.

ஆனால் இவ்விஷயத்தில் எக்காலத்தும் எடுத்துக்காட்டப்பெறுவது, 2005 ஏப்ரல் 9ஆம் தேதி லாஸ் வேகாஸில் பாரஸ்ட் கிரிபினுக்கும் ஸ்டெபன் பானருக்கும் நடந்த போட்டியாகும். தொலைக்காட்சித் தொடரொன்றின் இறுதிப் போட்டியாக அமைந்த அதில் வெல்பவருக்கு மட்டுமே யூ.எப்.சி. ஒப்பந்தம் என்பது ஏற்பாடு. யூ.எப்.சி. நிறுவனமோ அப்போது பொருள் நஷ்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. மூன்று சுற்றுகளும் இருவரும் பின்வாங்காமல் அடியும் மறு அடியுமாக நின்று, களைப்பின் எல்லையைத் தாண்டிய பின்னும் முன்னேறிக்கொண்டே இருந்த காட்சியைக் கண்ட சபை இருக்கைகளை விட்டெழுந்து ஆரவாரித்தது. மூன்று நடுவர்களும் 29–28 என்று கிரிபினுக்கே வெற்றியை அளித்தனர். நிறுவனத்தின் தலைவர் டேனா ஒயிட், தோற்ற பானருக்கும் ஒப்பந்தத்தை அறிவித்தார். 2013இல் அந்த இருவரும் நிறுவனத்தின் கீர்த்தி மண்டபத்தில் இடம்பெற்றனர். பானர் பிற்காலத்தில் பெற்ற வெற்றிகளை மறந்துவிட்டவர்களும், 2022 டிசம்பரில் அவர் காலமானபோது, அந்த ஒரு தோல்வியையே நினைவுகூர்ந்தனர்.

இவ்வுதாரணங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கினால், தோல்வி கீர்த்தியாகக் கனிவதற்கு வேண்டிய நிபந்தனைகள் தெளிவாகின்றன. முதலாவது, எதிர்பார்ப்புக்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள தூரம். 2013 செப்டம்பர் 21ஆம் தேதி டொரொண்டோவில் ஸ்வீடன் நாட்டு அலெக்சாண்டர் குஸ்தாப்சன், அக்காலத்தில் வெல்வார் இல்லாதிருந்த ஜான் ஜோன்ஸை எதிர்த்தபோது, அவர் ஐந்து சுற்றும் நிலைத்து நிற்பார் என்று எண்ணியவர் சிலரே. அவரோ ஜோன்ஸை யூ.எப்.சி. அரங்கில் முதன்முறையாகத் தரையில் வீழ்த்தி, 48–47, 48–47, 49–46 என்ற நடுவர் கணக்கில் தோற்றார். வெற்றி பெற்ற ஜோன்ஸ் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. திருவள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில், முயலை எய்து வீழ்த்திய அம்பைக் காட்டிலும் யானையை எறிந்து தவறிய வேலை ஏந்துதல் இனிது என்று கூறும் கருத்து, இந்நிபந்தனைக்கு வாய்த்த சூத்திரம் எனலாம்.

இரண்டாவது நிபந்தனை, தானாக விரும்பி ஏற்ற ஆபத்து. 2000ஆம் ஆண்டு மே முதல் தேதி, டோக்கியோவில் நடந்த பிரைடு என்னும் கலப்புக் கலைப் போட்டியில் ஜப்பானிய வீரர் கசுஷி சகுராபா, ராய்ஸ் கிரேசியோடு தொண்ணூறு நிமிஷங்கள் பொருதி, கிரேசி தரப்பினரே போட்டியை நிறுத்தும்படி செய்தார். அவ்வளவில் விடைபெற்றுச் சென்றிருந்தால் எவரும் குறை கூறியிரார். அவரோ அதே இரவில், தம்மினும் மிகுந்த எடையுடைய உக்ரேனிய வீரர் இகோர் வொவ்சாஞ்சின் முன் மீண்டும் நின்று, பதினைந்து நிமிஷம் போரிட்டு, தம் துணைவர்கள் தடுத்து நிறுத்தியதனால் தோல்வியை ஏற்றார். ஜப்பானிய ரஸிகர்களின் உள்ளத்தில் அவர் பெற்ற ஸ்தானத்துக்கு, அன்றைய வெற்றியும் அதைத் தொடர்ந்த தோல்வியும் சமபாகம் பொறுப்புடையன.

இந்த நிபந்தனையின் மறுபுறத்தைக் காண விரும்புவோர் நம் நாட்டு மல்யுத்த சரித்திரத்தைப் பார்க்கலாம். 1910 செப்டம்பர் 10ஆம் தேதி லண்டனில் பயில்வான் காமாவை எதிர்த்த போலந்து வீரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ, பெரும்பாலான நேரம் விரிப்பில் குப்புறப் படுத்துத் தற்காத்தபடியே இரண்டரை மணி நேரத்தைக் கழித்து, போட்டியைச் சமநிலையில் முடித்தார். அவர் தோற்கவில்லை, ஆனால் கண்டவர்களிடம் அவருடைய மதிப்பு சரிந்தது. ஒரு வாரம் கழித்து நடக்கவிருந்த மறு போட்டிக்கு அவர் வராததனால் அச்சரிவு முழுமை பெற்றது. பதினேழு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1928இல், ஏறத்தாழ ஐம்பது வயதில் அவரே பாட்டியாலாவுக்கு வந்து காமாவின் முன் நின்று ஒரு நிமிஷத்துக்குள் தோற்றார். தோற்காமல் இழந்ததில் ஒரு பகுதியை அவர் தோற்று மீட்டுக்கொண்டார் என்பது என் அபிப்பிராயம். 1976 ஜூன் 26ஆம் தேதி டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் மல்லர் அந்தோனியோ இனோக்கியும் மோதியதும் இத்தகையதே. இனோக்கி பதினைந்து சுற்றுகளிலும் பெரும்பாலும் மல்லாந்து கிடந்து அலியின் கால்களை உதைத்தார். அலி ஒருசில குத்துகளே விட்டார். போட்டி சமநிலையில் முடிய, இருவரும் தோல்வியினின்று தப்பினர். அன்றைய இகழ்ச்சியினின்று இருவரும் தப்பவில்லை. அதே அலி, 1971 மார்ச் 8ஆம் தேதி ஜோ பிரேசியரிடம் தோற்ற இரவில், பதினைந்தாம் சுற்றில் இடக்கைக் குத்தால் மல்லாந்து விழுந்தும் உடனே எழுந்து நின்றார். நளினமும் வேகமும் மட்டுமே உள்ளவர் என்று அவரை எண்ணியிருந்தவர்களுக்கு, அடியைத் தாங்கும் நெஞ்சுரமும் அவருக்கு உண்டு என்பதை அந்தப் பராஜயமே நிரூபித்தது. 1980இல் அவர் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் பங்குபெற்றபோது நேரு ஸ்டேடியத்தில் திரண்ட கூட்டம், இந்த முழு மனிதரைக் காணவே திரண்டது.

மூன்றாவது நிபந்தனை போட்டி முடிந்த பின்னர் வருகிறது: தோல்வியை மறைக்காமல் ஒப்புக்கொள்ளுதல். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிப்பவனை நம் பழமொழி எந்நாளும் மன்னித்ததில்லை. நடுவரைக் குறைகூறி, பழைய காயத்தைக் காரணம் காட்டி, காலத்தின்மேல் பழியைச் சுமத்துபவன், தோல்வி தனக்கு வழங்கவிருந்த ஒரே நன்மையையும் தன் கையாலேயே தள்ளிவிடுகிறான். ஹரியானாவின் போகாட் குடும்பத்தில் பிறந்து, மல்யுத்தத்திலிருந்து கலப்புக் கலைக்கு வந்த ரிது போகாட், 2021 மே மாதத்தில் நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பால் தம் முதல் தோல்வியைக் கண்டார். அதோடு ஓய்ந்துவிடாமல், அதே ஆண்டிலேயே அவர் இரண்டு வெற்றிகளின் வழியே ‘ஒன் சாம்பியன்ஷிப்’ நிறுவனத்தின் பெண்களுக்கான பெரும்போட்டியில் இறுதிக் கட்டத்தை எட்டினார். டிசம்பர் 3ஆம் தேதி சிங்கப்பூரில் தாய்லாந்தின் ஸ்டாம்ப் பேர்டெக்ஸிடம் இரண்டாம் சுற்றில் கைப்பிடியில் சிக்கி அவர் தோற்றாலும், இந்தியப் பெண் ஒருவர் அந்த நிலைக்கு உயரக்கூடும் என்பதை அத்தோல்வியின் உயரமே உணர்த்தியது.

இதுவரை கூறியதைக் கொண்டு, தோல்வி இனியது என்றோ, தோற்றவனுக்குக் கீர்த்தியே போதும் என்றோ எவரும் முடிவுகட்டுதல் பெரும் பிழையாகும். கலப்புப் போட்டி ஒப்பந்தங்களிற் பலவும், மேடையேறுவதற்கு ஒரு தொகையும் வென்றால் அதற்கு ஈடான மற்றொரு தொகையும் என்று வகுக்கப்படுவதனால், தோற்றவன் பாதி ஊதியத்தோடு வீடு திரும்புகிறான். யூ.எப்.சி. பல ஆண்டுகளாக அன்றிரவின் சிறந்த சண்டைக்கு ஆளுக்கு 50,000 டாலர் சன்மானத்தை வென்றவருக்கும் தோற்றவருக்கும் வேறுபாடின்றி வழங்கியது. தோற்றவனின் தைரியத்துக்கு இது மரியாதை என்பது உண்மையே. ஆயினும், தற்காப்பைக் கைவிட்டு அடிவாங்கும்படி இளைஞரை ஊக்குவிக்கும் அபாயமும் இதனுள் பொதிந்திருக்கிறது. தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடிகளால் குத்துச்சண்டை வீரர்களின் மூளைக்கு நேரும் கேட்டை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். இந்த அறிவு கைவசம் இருக்கையில், பிறனுடைய சகிப்புத்தன்மையைக் கண்டு கைதட்டும் ரஸிகன், அந்தச் சகிப்புக்கு உடல் கொடுக்கும் விலையையும் நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவன்.

கீர்த்தி இழப்பை ஈடுசெய்யாது என்பதற்கு வளையமாதேவியே அருகிலுள்ள சாட்சி. 2023 ஜூலை 26ஆம் தேதி, நெய்வேலியில் நிலக்கரி எடுக்கும் என்.எல்.சி. நிறுவனத்தின் இரண்டாம் சுரங்கத்தின் பொருட்டுப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் பணிக்காக, பச்சை நெற்பயிர் நின்ற அவ்வூர் வயல்களில் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. விவசாயிகளின் எதிர்ப்பு அன்று பணியைத் தடுக்கவில்லை. ஆனால் அதுவரை சுற்றுவட்டாரமே அறிந்திருந்த அவ்வூரின் பெயரைத் தமிழகம் முழுவதும் அறிந்தது. இது பற்றிய வழக்கை விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடாக வழங்க உத்தரவிட்டது. அம்மக்களின் உறுதியை நாடு மதித்தது நன்றே. அந்த மதிப்பினால் மட்டும் ஒரு கதிர்கூட விளையாது என்பதும் அவ்வளவே உண்மை. அரங்கில் தோற்றவனுக்கு அடுத்த போட்டி உண்டு. நிலத்தை இழந்தவனுக்கு அத்தகைய மறுவாய்ப்பு எளிதில் வாய்ப்பதில்லை.

இத்தனை எச்சரிக்கைகளுக்கும் பின்னர் எஞ்சி நிற்கும் உண்மை ஒன்றே. தோல்வி தானாக எவருக்கும் புகழ் தருவதில்லை. தன்னினும் பெரியதைத் தேடிச் சென்று, ஆபத்தை அறிந்தே ஏற்று, தோற்ற பின் அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டவனிடம் மட்டுமே அது கீர்த்தியாக மாறுகிறது. அதுவும், அதை உணர்ந்து சொல்லும் யோக்கியதை கண்டவர்களுக்கு இருந்தால் மட்டுமே. கரிகாலனின் முகத்துக்கு நேரே உண்மையை உரைத்த வெண்ணிக்குயத்தியார் இல்லையெனில், சேரமான் தோற்ற அரசர்களின் கணக்கில் ஒருவனாகவே மறைந்திருப்பான். வென்றவனின் ஆற்றலைக் குறைக்காமலும், தோற்றவனின் குணத்தை மறைக்காமலும் ஒருசேரக் காணும் அந்தப் பார்வை, வீரர்களுக்கு வேண்டிய பயிற்சிக்கு எவ்விதத்திலும் குறையாத சிரத்தையோடு ரஸிகர்களும் பழகிக்கொள்ள வேண்டியதாகும். கைப்பேசித் திரையில் எந்நேரமும் சண்டைகளைக் கண்டு களிக்கும் நம் இளைஞர்கள், யார் வென்றார் என்று அறிந்தவுடன் அடுத்ததற்குத் தாவாமல், தோற்றவர் எதைக் காட்டிவிட்டுத் தோற்றார் என்று ஒருகணம் ஆராயப் பழகுவார்களாயின், தங்களுக்கு வரும் தோல்விகளை எதிர்கொள்ளவும் அவர்கள் கற்றவர்களாவார்கள்.